மறுவாசல் வழியே போனவர்கள்

2009 டிசம்பர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் புறப்பகுதியில் ஒரு சூப்பர் மார்க்கெட். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டதால் கடை நிறையக் கூட்டம். கடைக்கு முக்கியமான வாசல்கள் இரண்டு. வாசலோரம் ஒரு முக்காலித் தாங்கியில் சிவப்புக் குண்டான் தொங்குகிறது. மூடியில் காசு போடத் துளை. பக்கத்தில் ஒருவர் கையில் சின்ன மணியை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பு ஏழைகளுக்காகக் காசு திரட்டுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த டிசம்பரில் அந்தக் கடை வாசலில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி, ஜஸ்டின் ராவ், ஹன்னா ட்ராக்ட்மன் என்ற மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் இரட்சணிய சேனையோடு பேசி, மணியடிப்பவர்களை ஒரு கணக்குப்படி நிறுத்தியிருந்தார்கள். சில நேரம் ஒரு வாசலில் மட்டும் ஆள், சில நேரம் இரண்டு வாசலிலும். சில நேரம் மணி மட்டும் ஒலிக்கும், ஆள் வாயைத் திறக்க மாட்டார். சில நேரம் வருகிறவரின் கண்ணைப் பார்த்து வாழ்த்துச் சொல்லி, "தயவுசெய்து கொடுங்கள்" என்று கேட்பார். யார் எந்த வாசலால் போகிறார்கள், எத்தனை பேர் காசு போடுகிறார்கள், குண்டானில் எவ்வளவு சேர்கிறது என்று எண்ணிக்கொண்டே இருந்தார்கள்.

வாய்விட்டுக் கேட்டபோது கொடுத்தவர்களின் எண்ணிக்கை 55 விழுக்காடு கூடியது. சேர்ந்த தொகை 69 விழுக்காடு கூடியது. வசூலுக்குப் போகிற யாரும் இதைக் கேட்டு வியக்க மாட்டார்கள். கேட்டால்தான் கிடைக்கும் என்பது அவர்களுக்கு எப்போதோ தெரியும். வியப்பு அடுத்த எண்ணில் இருக்கிறது. ஒரு வாசலில் மட்டும் ஆள் நின்று வாய்விட்டுக் கேட்டபோது, அந்த வாசலால் போயிருக்க வேண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மறுவாசலைத் தேடிப் போனார்கள். டிசம்பர் குளிரில், கை நிறையப் பைகளோடு, கூடுதலாக நடந்தாலும் பரவாயில்லை என்று போனார்கள். மணியை மட்டும் அடித்துக்கொண்டு பேசாமல் நின்றபோது இந்த ஓட்டம் பெரிதாக இல்லை.

ஆக, இரண்டு சொல் கேட்டதும் ஒரே கூட்டத்தில் இரண்டு நேரெதிரான செயல்கள் நடக்கின்றன. ஒரு பக்கம் பர்ஸ் திறக்கிறது, இன்னொரு பக்கம் கால் திசை மாறுகிறது. கொடுப்பது மகிழ்ச்சி என்றால் ஏன் ஓட வேண்டும்? கொடுக்கப் பிடிக்காது என்றால், கண்ணைப் பார்த்துக் கேட்டவுடன் ஏன் கொடுக்க வேண்டும்?

ஓடியவர்கள் எல்லாம் கஞ்சர்கள் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும். ஆனால் அது பொருந்தவில்லை. உண்மையிலேயே மனம் இரங்காத ஆள் ஓட மாட்டார். நேராக நடந்து வந்து, "இல்லை" என்று தலையாட்டிவிட்டுப் போவார். அவருக்கு அதில் நட்டம் ஏதும் இல்லை. மறுவாசலைத் தேடுகிறவர், முகத்தைப் பார்த்தால் தன்னால் மறுக்க முடியாது என்பதைத் தெரிந்துவைத்திருப்பவர். சர்க்கரை வியாதி உள்ளவர் அல்வாக் கடை இருக்கிற தெருவை விட்டு அடுத்த தெருவில் சுற்றிப் போவதைப் போல, தன் இரக்கத்திடமிருந்து அவர் தன்னைக் காத்துக்கொள்கிறார். ஆய்வாளர்கள் வந்து சேர்ந்த விளக்கமும் இதற்கு அருகில்தான் இருக்கிறது: கேட்பது இரக்கத்தைக் கிளறுகிறது, கிளறப்படும் என்று முன்கூட்டியே அறிந்தவர் விலகிப் போகிறார்.

இதே ஆட்டத்தை வீட்டு வாசலிலும் ஆடிப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டெஃபானோ டெல்லாவீன்யா, ஜான் லிஸ்ட், உல்ரிக்கே மால்மெண்டியர் மூவரும் சிகாகோ பகுதியில் வீடு வீடாக நன்கொடை கேட்க ஆட்களை அனுப்பினார்கள். சில வீடுகளில் முன்னறிவிப்பு இல்லை. சில வீடுகளில் முதல் நாளே கதவில் ஒரு துண்டுச் சீட்டு: நாளை இன்ன நேரத்துக்கு வருகிறோம். சீட்டுப் போன வீடுகளில் கதவு திறப்பது 9 முதல் 25 விழுக்காடு வரை குறைந்தது. சீட்டிலேயே "எங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று குறிக்க ஒரு கட்டமும் வைத்துக் கொடுத்தபோது, நன்கொடை 28 முதல் 42 விழுக்காடு வரை சரிந்தது. 2012இல் இந்த முடிவு வெளிவந்தது. விநாயகர் சதுர்த்தி வசூலுக்கு இளைஞர் கூட்டம் தெருமுனையில் தலை காட்டியதும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அசையாமல் உட்காரும் நம் வீடுகளுக்கு ஆதாரம் தேவையில்லை என்றாலும், அளந்து பார்த்த எண் கையில் இருப்பது நல்லதுதான்.

இதனால் கொடுப்பவர்கள் எல்லாரும் வாய்ச்சொல்லுக்கு மயங்கி ஏமாந்தவர்கள் என்று ஆகாது. 2007இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஆரிகன் பல்கலைக்கழகத்தில் 19 பெண்களை மூளையைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்தார்கள். ஒவ்வொருவர் கணக்கிலும் 100 டாலர். அதிலிருந்து ஏழைகளுக்கு உணவு வழங்கும் ஓர் அமைப்புக்குப் பணம் போகும். சில முறை வரிபோலக் கட்டாயமாக எடுக்கப்படும், சில முறை அவர்களே முடிவு செய்யலாம். கட்டாயமாக எடுத்தபோதுகூட, பணம் ஏழைகளுக்குப் போகிறது என்றதும், சுவையான பண்டத்துக்கும் எதிர்பாராத வரவுக்கும் துடிக்கும் அதே மூளைப் பகுதி துடித்தது. தானாக மனமுவந்து கொடுத்தபோது துடிப்பு இன்னும் அதிகம். கொடுப்பவருக்குள் ஓர் இதமான சூடு பரவுகிறது, அதுவும் கொடுப்பதற்கு ஒரு காரணம் என்று ஆண்ட்ரியோனி 1990இலேயே எழுதியிருந்தார். பாஸ்டன் கடை வாசலுக்கு அவர் போனது, அந்த இதம் உண்மையென்றால் மறுவாசல் ஏன் என்ற கேள்வியோடுதான்.

அந்தச் சிவப்புக் குண்டானுக்கு ஒரு கதை உண்டு. 1891, சான் பிரான்சிஸ்கோ. இரட்சணிய சேனையின் கேப்டன் ஜோசப் மெக்ஃபீக்கு ஒரு கவலை. கிறிஸ்துமஸ் அன்று 1,000 ஏழைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும், கையில் காசு இல்லை. அவர் முன்னாள் மாலுமி. இங்கிலாந்தின் லிவர்பூல் துறையில் கப்பலேறப் போகும்போது பார்த்த ஒரு பெரிய பானை அவருக்கு நினைவு வந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் ஏழைகளுக்காக அதில் காசு எறிவார்களாம். அதேபோல ஒரு குண்டானை மார்க்கெட் தெரு முடியும் இடத்தில், ஓக்லண்டுக்குப் படகேறும் துறையில் கொண்டுபோய் வைத்தார். சாப்பாடு நடந்தது. பத்தாண்டுக்குள், 1901இல், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் பெரும் பந்தி போடுகிற அளவுக்கு இந்தக் குண்டான் வசூல் வளர்ந்துவிட்டது.

மெக்ஃபீ இடத்தைத் தேர்ந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். படகுத் துறை என்பது எல்லாரும் ஒரே வழியாக ஏறி இறங்கியாக வேண்டிய இடம். அங்கே மறுவாசல் கிடையாது. பொருளியல் படித்தவர் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

லண்டன் கிழக்குப் பகுதிச் சேரிகளில் 1865இல் வில்லியம் பூத்தும் மனைவி காதரீனும் தொடங்கிய இந்த அமைப்பு 1882இல் இந்தியாவுக்கு வந்தது. நாகர்கோவில்காரர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டாம். காதரீன் பூத் மருத்துவமனை அவர்கள் ஊரிலேயே இருக்கிறது.

சரி, கேட்கும் இடத்தைப் பற்றிப் பேசியாயிற்று. வாங்கும் பாத்திரம்?

காணிக்கை வாங்கும் பாத்திரத்தை உலகத்துச் சமயங்கள் எல்லாம் தங்கள் தங்கள் அனுபவத்தில் வடிவமைத்திருக்கின்றன. நம் ஊர்க் கோயில் உண்டியல் முழுக்க மூடியது; கழுத்தில் பூட்டு, முத்திரை, சிவப்புத் துணி. உள்ளே போனது ஆயிரமா அஞ்சா என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. ஜும்மா தொழுகை முடிந்ததும் இருவர் துண்டை விரித்துப் பிடித்து வருகிறார்கள். அது திறந்த பாத்திரம், ஆனாலும் பலர் கையை மூடியே உள்ளே விட்டு எடுப்பார்கள். தேவாலயத்தில் நீண்ட பிடி போட்ட வெல்வெட் பை வரும், சில சபைகளில் தட்டு வரும். பைக்கும் தட்டுக்கும் என்ன வேறுபாடு வந்துவிடப் போகிறது என்று கேட்கத் தோன்றும். ஆட்ரியான் சூட்டஃபென்ட் என்ற நெதர்லாந்துப் பொருளியலாளருக்கும் அது தோன்றியிருக்கிறது.

அவர் அந்நாட்டின் 30 தேவாலயங்களைப் பேசிச் சம்மதிக்க வைத்து, 29 வாரம் ஒரு பரிசோதனை நடத்தினார். எந்த ஞாயிற்றுக்கிழமை மூடிய பை, எந்த ஞாயிற்றுக்கிழமை திறந்த கூடை என்பதைக் குலுக்கல்போல முடிவு செய்தார்கள். அங்கே ஒரே ஆராதனையில் காணிக்கை ஒன்றுக்கு மேல் எடுப்பார்கள். முதல் காணிக்கை அந்தச் சபையின் சொந்தச் செலவுக்கு. இரண்டாவது பெரும்பாலும் வெளிக்காரியங்களுக்கு. 2005இல் வெளியான முடிவு இது: திறந்த கூடை வந்தபோது இரண்டாவது காணிக்கை முதலில் 10 விழுக்காடு உயர்ந்தது. பக்கத்து இருக்கைக்காரர் பார்க்கிறார் அல்லவா? எண்ணப்பட்ட நாணயங்களே சாட்சி சொல்லின. கூடை வந்த நாட்களில் சில்லறை மறைந்து பெரிய நாணயங்கள் அதிகம் விழுந்தன.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருவது. வாரங்கள் போகப் போக அந்த 10 விழுக்காடு கரைந்து மறைந்தது. கூடை பழகிவிட்டது, பக்கத்து இருக்கைக்காரரும் பழகிவிட்டார். இன்னொன்று: முதல் காணிக்கையில், அதாவது தங்கள் சபைக்கே கொடுக்கும் காசில், பையா கூடையா என்பதால் தொடக்கத்திலிருந்தே எந்த மாற்றமும் இல்லை. கூரை ஒழுகுவது எல்லார் கண்ணிலும் படுகிறது, போதகர் சம்பளம் எவ்வளவு என்பதும் எல்லாருக்கும் தெரியும். போகுமிடம் தெரிந்த பணத்துக்குப் பக்கத்து இருக்கைக்காரரின் பார்வை தேவைப்படவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஆய்வு அப்படி நிரூபிக்கவில்லை, இது என் ஊகம்தான். ஆனால் வசூல் கமிட்டியில் இருக்கிறவர்கள் யோசித்துப் பார்க்கத் தக்க ஊகம்.

பார்வை அடியோடு வேலை செய்யாது என்றும் சொல்ல முடியாது. தென்மாவட்டச் சபைகளில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப் போலப் பத்து மடங்குக்கு ஏறும். ஏலம் எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் சபைக்கே திருப்பிக் கொடுப்பார், அதே பூசணிக்காய் மறுபடி ஏலத்துக்கு வரும். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி விலையைக் கூவும்போது அண்ணன் தம்பிக்குள்ளேயே போட்டி வந்துவிடும். வருடத்துக்கு ஒரு நாள் என்பதால் அது பழகிப்போவதில்லை. வாரா வாரம் நடத்தினால் மூன்றாவது வாரம் பூசணிக்காய் பூசணிக்காய் விலைக்குத்தான் போகும்.

பெயர் என்றால் நாம் சாதாரணப்பட்டவர்களா? கோயில் டியூப் லைட்டில் 'உபயம்' என்று பெயரும் ஊரும் கடைப் பெயரும் எழுதி, வெளிச்சத்தில் பாதியை எழுத்தே தின்றுவிடும். சிரிக்கலாம், ஆனால் இந்த வழக்கம் தஞ்சைப் பெரிய கோயில் சுவருக்குப் போகிறது. ராஜராஜன் தான் கொடுத்ததை மட்டும் வெட்டச் சொல்லவில்லை. தன் அக்கா, தன் மனைவியர், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் சேர்த்துக் கல்லில் வெட்டச் செய்தான். எவ்வளவு எடை, எந்த நகை, யார் கொடுத்தது என்று நகைக்கடைப் பில் போல நீளும் கல்வெட்டுகள் அவை. அது புகழுக்கு மட்டும் அல்ல. கொடுத்த பொருள் இன்னும் கோயிலில் இருக்கிறதா என்று எந்தத் தலைமுறையும் வந்து சரிபார்க்கலாம். கணக்குப் புத்தகத்தைச் சுவரில் ஒட்டிவைத்ததற்குச் சமம்.

அந்தக் கல்வெட்டுகளில் ஆடுகள் வருகின்றன. ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய நாளுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடு. கொடுத்தவர் ஆட்டைக் கொடுப்பார், இடையர் பொறுப்பேற்பார், நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கிழட்டு ஆடு சாகும், குட்டி பிறக்கும், எண்ணிக்கை குறையக் கூடாது. இவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள்: மந்தை சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. இன்றைய பல்கலைக்கழகங்கள் முதலைத் தொடாமல் வட்டியில் உதவித்தொகை நடத்தும் அறக்கட்டளை நிதி இதே கணக்குதான், இங்கே வட்டி நெய்யாக வந்தது. ஒருமுறை கேட்டு, ஒருமுறை கொடுத்து, அதன்பின் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வாசலில் மணியடிக்கிறவர்களுக்குப் பொறாமை வர வேண்டிய ஏற்பாடு.

நன்கொடை நோட்டின் முதல் பக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கும்பாபிஷேகத்துக்கோ மசூதி மராமத்துக்கோ நோட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் நேராகத் தெருமுனை வீட்டுக்குப் போக மாட்டார்கள். முதலில் ஊரில் பெரிய கை யாரோ, மில்காரரோ மண்டிக்காரரோ, அவர் வீட்டில்தான் நோட்டு திறக்கும். அவர் முதல் வரியில் ஒரு பெருந்தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்ற வீடுகள். "அவரே இவ்வளவு போட்டிருக்கார்" என்பது அடுத்த வீட்டில் வேலை செய்யும். ஜான் லிஸ்ட்டும் டேவிட் லக்கிங்-ரைலியும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் இதை அளந்தார்கள். புளோரிடாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கணினி வாங்க நிதி கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். சிலருக்கு, வேண்டிய தொகையில் 10 விழுக்காடு ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்று எழுதினார்கள். சிலருக்கு 67 விழுக்காடு என்று எழுதினார்கள். இரண்டாவது கடிதத்துக்கு வந்த பணம் முதலாவதைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. முடியப்போகிற வேலையில் கை வைக்கத்தான் மனிதருக்கு விருப்பம். பாதியில் நின்றுபோகும் கோபுரத்துக்குக் கொடுக்க யாருக்கும் மனம் வராது.

"நீங்கள் ஒரு ரூபாய் கொடுத்தால் இன்னொருவர் ஒரு ரூபாய் சேர்ப்பார்" என்ற விளம்பரமும் பலன் தருகிறது. ஆனால் ஒன்றுக்கு மூன்று சேர்ப்பார் என்று ஏற்றினால் கூடுதல் பலன் எதுவும் இல்லை என்று, 50,000 பேருக்கு மேல் கடிதம் அனுப்பிச் செய்த 2007 ஆய்வொன்று கண்டது. பெரிய கை வைத்திருப்பவர்கள் இதைப் படித்து மகிழலாம்.

முகம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைகளுக்கான ஓர் அமைப்புக்காக அமெரிக்காவில் செய்த பரிசோதனை இது, 2007இல் வெளியானது. ஆளுக்கு 5 டாலர் கொடுத்து, அதில் விரும்பியதை நன்கொடையாகத் தரலாம் என்றார்கள். ஒரு குழுவுக்கு ஆப்பிரிக்காவில் எத்தனை லட்சம் பேர் பட்டினி என்ற புள்ளிவிவரம் தந்தார்கள். இன்னொரு குழுவுக்கு மாலி நாட்டின் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் படமும் கதையும். புள்ளிவிவரம் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள், ரோக்கியாவைப் பார்த்தவர்கள் 2.38 டாலர். மூன்றாவது குழுவுக்கு ரோக்கியாவையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்தால் கூட வேண்டும் அல்லவா? 1.43 டாலர்தான் வந்தது. லட்சம் பேரின் பசி ஒரு சிறுமியின் பசியை மங்க வைத்துவிட்டது.

இதைப் படித்த உடனே அழுகிற குழந்தையின் படத்தைத் தேடக் கிளம்புவது எனக்கு உவப்பாக இல்லை. பலன் தருகிறது என்பதற்காக ஒரு பிள்ளையின் வறுமையைச் சுவரொட்டியாக்குவது வேறு, உதவி பெறுகிறவரை ஊரார் முகம் தெரிந்து அறிந்திருப்பது வேறு. ஊர்ச் சமய அமைப்புக்கு இதில் ஓர் இயல்பான வசதி உண்டு. அங்கே ரோக்கியாவை எங்கிருந்தும் வரவழைக்க வேண்டியதில்லை. மூன்றாவது தெருவில்தான் இருக்கிறாள், படம் இல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

பக்தி இருந்தால் கொடை கூடுமா என்ற கேள்விக்கு நேரான பதில் இல்லை. தீபக் மல்ஹோத்ரா என்ற ஆய்வாளர் இணைய அற ஏலத்தில் பங்கெடுத்தவர்களைக் கவனித்தார். அறத்தை நினைவூட்டி ஏலத்தொகையை இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள் என்று செய்தி அனுப்பியபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் சமயப் பற்றுள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகம் செவிசாய்த்தார்கள். மற்ற நாட்களில் வேறுபாடு இல்லை. திங்கட்கிழமை வந்துவிட்டால் எல்லாரும் ஒன்றுதான்.

1973இல் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. பிரின்ஸ்டனில் குருத்துவம் படிக்கும் மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். சிலருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருந்தார், அவர் நடிகர். அவசரம் இல்லாத மாணவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர்தான். சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறவரா இல்லையா என்பது கணக்கில் வரவில்லை.

மெக்ஃபீயின் படகுத் துறையில் மறுவாசல் இல்லை என்றேன். மறுவாசலே தேவைப்படாத ஓர் இடமும் உண்டு, அது சமையலறை. மிசோராமில் 1910இல் தொடங்கிய வழக்கம் இன்றும் நடக்கிறது. மிசோக்கள் அதை பூஃபாய் தாம் என்கிறார்கள்: ஒரு கைப்பிடி அரிசி. பிரஸ்பிட்டீரியன் சபையைச் சேர்ந்த வீடுகளில் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது, அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை வீட்டுப் பெண் தனிப் பாத்திரத்தில் போட்டுவிடுவாள். சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து அதைச் சேகரிப்பார்கள். சேர்ந்த அரிசி விற்கப்பட்டு, பணம் சபையின் ஊழியத்துக்குப் போகும். கையில் காசு புழங்காத மலைக் கிராமங்களில், காசு கையில் இல்லாத பெண்களிடம் பிறந்த யோசனை இது. இன்று அந்தக் கைப்பிடிகள் ஆண்டுக்குப் பல கோடி ரூபாய்.

ஏன் இது இத்தனை காலம் தாங்குகிறது என்று மேலே பார்த்தவற்றை வைத்தே சொல்லலாம். கொடுக்கும் நேரத்தில் எதிரே யாரும் நின்று கேட்பதில்லை, அதனால் விலகி ஓட வேண்டிய முகமும் இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் இல்லை, அதனால் அவர் பழகிப்போய்ப் பலன் கரைவதும் இல்லை. கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவை ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்க வேண்டியதில்லை; பானை அடுப்பில் ஏறும்போதே கை தானாகப் போகிறது. அரிசியைக் கழுவுவதுபோல அதுவும் சமையலில் ஒரு வேலை. பெரிய பணக்கார வீட்டுக் கைப்பிடியும் கூலிக்காரர் வீட்டுக் கைப்பிடியும் ஏறக்குறைய ஒரே அளவு என்பது இன்னொரு நுட்பம். முதல் பக்கத்து மில்காரருக்கு இங்கே வேலை இல்லை. நம் பக்கத்திலும் காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பிடி அரிசித் திட்டம் என்று இதையே வலியுறுத்தினார். தென்மாவட்டத் திருச்சபைகளிலும் கைப்பிடி அரிசிக் கலயம் வைத்திருந்த பாட்டிகள் உண்டு. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்களா, தனித்தனியே தோன்றியதா என்பதை விடுங்கள். உலை வைக்கும் வீட்டில் பசி பற்றிய நினைவு அடுப்புப் பக்கத்தில்தான் வரும்.

இத்தனை ஆய்வுகளுக்கும் பிடிபடாமல் நழுவுகிற ஆட்களும் இருக்கிறார்கள். 1982இல் இல்லினாய் மாநிலத்தில் கிரிஸ்டல் லேக் என்ற ஊரில் இரட்சணிய சேனைக் குண்டானைத் திறந்து எண்ணியபோது, உள்ளே ஒரு தங்க நாணயம் கிடந்தது. யார் போட்டது என்று தெரியவில்லை. அதன்பின் பல ஊர்களில் கிறிஸ்துமஸ் காலத்தில் இப்படித் தங்க நாணயங்கள் விழத் தொடங்கின, பெரும்பாலும் ஒரு டாலர் நோட்டில் சுருட்டி, பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு டாலர் போடுவது போலவே. தன்னைப் பார்க்க வேண்டும் என்று அதிகம் கொடுப்பவர் உண்டு என்றால், தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்று மறைத்து அதிகம் கொடுப்பவரும் உண்டு. நம் உண்டியல்களைத் திறக்கும்போது துணியில் முடிந்த தாலியும், பெயர் எழுதாத கவரில் நோட்டுக் கட்டும் வருவதை எண்ணிக்கைக்குப் போனவர்கள் சொல்வார்கள்.

நம் சட்டமும் இந்த மறைவை மதித்திருக்கிறது. பெயர் தெரியாத நன்கொடைக்கு 30 விழுக்காடு வரி என்று 2006இல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தபோது, முழுக்கச் சமயப் பணிக்கான அமைப்புகளுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். உண்டியலில் போட்டவரிடம் யார் பெயர் கேட்பது? தமிழ்நாட்டு அறநிலையத் துறையின் 1975ஆம் ஆண்டு உண்டியல் விதிகளோ இன்னும் ஒரு படி மேலே போய், விழுந்தது திரும்பாது என்கின்றன. 2024இல் திருப்போரூர் முருகன் கோயில் உண்டியலில் ஒரு பக்தரின் ஐபோன் கை தவறி விழுந்து, அது சாமிக்கா அவருக்கா என்று ஊரே பேசியது நினைவிருக்கலாம்.

கொடுத்தவர் பெயர் மறைவாக இருப்பதில் குறையில்லை. செலவும் மறைவாக இருப்பதுதான் குறை. நெதர்லாந்துச் சபைகளில் போகுமிடம் தெரிந்த காசு, பையானாலும் கூடையானாலும் ஒரே சீராக விழுந்தது. தஞ்சையில் வரவு முழுவதும் சுவரில் இருந்தது. மிசோராமில் அரிசியைச் சேகரிக்க வருகிறவள் அதே ஊர்ப் பெண். ஆகவே, வரும் திருவிழாவுக்கோ சபைக் கட்டட நிதிக்கோ ரமலான் உதவிக்கோ ரசீதுப் புத்தகம் அச்சடிக்கக் கொடுக்கிற கமிட்டிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: கூடவே போன வருட வரவு செலவையும் ஒரு தாளில் அச்சடித்து, வசூலுக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் வழிபாட்டுத் தலத்தின் வாசலில் ஒட்டிவிடுங்கள்.